குளிர்ச்சிக்குப் பின்னால் ஓர் அடுப்பு

சுடுசோற்றைப் பரிமாறும்போது அதிலிருந்து ஆவி எழுகின்றது. உண்பவர் அதனைக் காண்கின்றார். அடுப்பருகே நின்றவரின் நினைவும் அவருக்கு ஓரளவு வருகின்றது. குளிர்ந்த உணவுக்கு அந்தச் சாட்சி இல்லை. தான் வெந்த அடுப்பை முற்றாக மறைத்துக்கொண்டு, பனிக்கட்டிகளின் நடுவே ஒன்றும் அறியாததுபோல் அது வந்து அமர்கின்றது. ஆதலாற் குளிர்ந்த உணவை ஆக்குதல் எளிது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை, யப்பானியர் கோடையில் உண்ணும் சோமென் என்னும் கோதுமை நூடில்ஸை வைத்து இவ்வாரம் ஆராய்வோம். அதனை ஆக்கும் முறையையும் உடன் கூறுவோம்.

யப்பானின் கோடை வறண்ட கோடையன்று; புழுக்கம் மிகுந்த கோடை. யூன் மாதமளவில் மழைக்காலம் தொடங்கி, நாட்டின் பெரும்பகுதியில் யூலை நடுப்பகுதிவரை நீடிக்கும். அது ஓய்ந்ததும், ஈரம் வற்றாத காற்றின்மீது கடும் வெயில் எரிக்கும். 2018ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி, சாயித்தாமா மாகாணத்துக் குமகாயா நகரில் வெப்பம் 41.1 பாகை செல்சியஸை எட்டியது. அதுவரை அந்நாடு அத்தகைய அளவைப் பதிந்ததில்லை. இப்பருவத்திற் பசி மந்தமாகும், உடல் சோரும், எண்ணெய்ப் பண்டங்களைக் கண்டால் மனம் விலகும். இச்சோர்வுக்கு 'நட்சுபாதே' என்று தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள். நட்சுபாதே வந்தவரும் மறுக்காத உணவு, பனிக்கட்டி நீரிற் குளிர்ந்த சோமென்.

இங்கேதான் ஒரு குடும்ப வழக்கும் பிறக்கின்றது. "மத்தியானத்துக்குச் சோமென் போதும்" என்று வீட்டிலுள்ளோர் சொல்லுகின்றனர். சொல்பவர் அதனை ஒரு சலுகையாக எண்ணியே சொல்லுகிறார். "உனக்கு அதிக வேலை வைக்கவில்லை" என்பது அவர் கருத்து. கேட்கும் மனைவிக்கோ தாய்க்கோ அது வேறுவிதமாக ஒலிக்கின்றது. கொதிக்கும் பானையின்முன் நிற்கப்போகிறவர் அவரல்லவா? அண்மை ஆண்டுகளில் இவ்வொரு வாக்கியம் அந்நாட்டிலே வெளிப்படையான விவாதப் பொருளாகிவிட்டது. யப்பானிய மொழியில் இவ்வழக்கு முழுவதும் ஓர் இடைச்சொல்லில் அடங்குகின்றது. "சோமென் தே ஈ" என்றால் "சோமென் போதும்" என்பது பொருள். "சோமென் கா ஈ" என்றாலோ "சோமென்தான் வேண்டும்" என்பது பொருள். 'தே' என்னும் ஓரெழுத்துக்கும் 'கா' என்னும் ஓரெழுத்துக்கும் இடையிலே ஒருத்தியின் உழைப்பு மதிக்கப்படுகின்றது, அல்லது மறக்கப்படுகின்றது.

வழக்கைத் தீர்ப்பதற்கு முன் பொருளை அறிதல் வேண்டும். சோமென் என்பது கோதுமை மா, உப்பு, நீர் ஆகிய மூன்றாலும் ஆவது. இயந்திரத்தால் ஆக்கப்படும் உலர்ந்த இழைகளை யப்பானிய விவசாயத் தர விதிகள் பருமனைக் கொண்டே பிரிக்கின்றன. விட்டம் 1.3 மில்லிமீற்றருக்குக் குறைந்தது சோமென், 1.3 முதல் 1.7 மில்லிமீற்றருக்கு உட்பட்டது ஹியாமுகி, 1.7 மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதும் ஊதொன். மா ஒன்றே, மெலிவினாலேயே பெயர் மாறுகின்றது.

ஆனாற் சோமெனின் பழைய பெருமை இயந்திரத்தைச் சார்ந்ததன்று. கையால் இழுத்து நீட்டும் முறைக்குத் 'தெநோபே' என்று பெயர். உப்புநீர் விட்டுப் பிசைந்த மாவைப் பருத்த கயிறுபோல வெட்டி, எண்ணெய் பூசித் தொட்டியிற் சுருட்டி வைப்பார்கள். சற்றுநேரம் ஆறவிட்டு, மறுபடி மெலியச் செய்து முறுக்குவார்கள். பின்னர் இரு கோல்களுக்கிடையே எட்டு என்னும் எண்ணைப்போல மாற்றி மாற்றிச் சுற்றி, மீண்டும் ஆறவிடுவார்கள். ஆறாத மாவை அவசரப்பட்டு இழுத்தால் இழை அறுந்துபோகும். ஆறிய மாவோ நூலாக நீளும். நீண்ட குச்சிகளால் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமற் பிரித்து, ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளத்துக்கு இழுத்து, உலர்த்தி, 19 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டிக் கட்டுவார்கள். விடியுமுன் தொடங்கும் வேலை மறுநாள்வரை நீளும். ஹரிமா நாட்டுப் புகழ்பெற்ற 'இபோ நோ இதோ' சோமெனின் வழக்கமான தரத்தில் ஓர் இழையின் பருமன் 0.70 முதல் 0.90 மில்லிமீற்றர். 50 கிராம் நிறையுள்ள ஒரு கட்டிலே ஏறக்குறைய 400 இழைகள் இருக்கும்.

இவ்வேலைக்குரிய காலம் எது? கோடையன்று, கடுங்குளிர்காலம். ஹரிமாவில் ஒக்டோபர் தொடங்கி மறு ஏப்பிரில்வரை சோமென் ஆக்குகின்றனர். மெல்லிய உயர்தர இழைகளை டிசம்பர் முதற் பெப்ரவரிவரையுள்ள குளிரிலேயே இழுக்கின்றனர். குளிரிலே மா இளகாது. வறண்ட காற்று இழையை ஒழுங்காக உலர்த்தும். வயலிலே வேலையற்ற அம்மாதங்களில் உழவர் குடும்பங்கள் வீட்டோடு செய்த தொழில் இது. கோடையில் நாவிற் படும் குளிர்ச்சி, மாரியில் விறைத்த விரல்களினாலே ஆக்கப்பட்டது என்பதை உண்பவர் எத்தனைபேர் நினைக்கின்றனர்?

இழுத்து முடித்த சோமெனை உடனே விற்றுவிடுவதுமில்லை. பெட்டிகளில் அடுக்கி, யூன் மாதத்து மழைக்காலம் கடக்கும்வரை பண்டகசாலையில் வைத்திருப்பார்கள். அந்த ஈரமும் வெம்மையும் பட்ட காலத்தில் இழையிலுள்ள எண்ணெயும் மாவும் மாறுதலடைந்து, வெந்தபின்னும் குழையாத உறுதி அதற்கு வருகின்றது. ஓராண்டு கடந்ததை 'ஹினே' என்று சிறப்பித்து அதிக விலைக்கு விற்பார்கள். பழைய அரிசிக்கு நம்மவர் தரும் மதிப்பை இது நினைவூட்டும்.

சோமெனின் பிறப்பிடம் என்று யப்பானியர் போற்றுவது நாரா மாகாணத்து மிவா. அங்குள்ள ஓமிவா ஆலயத்துக்குக் கருவறை இல்லை. மிவா மலையே வழிபடப்படும் தெய்வம். ஆண்டுதோறும் பெப்ரவரி 5ஆந் திகதி அவ்வாலயத்திலே, அவ்வாண்டுச் சோமெனின் விலைநிலவரத்தைத் தெய்வத்திடம் குறிகேட்டு அறிவிக்கும் சடங்கு நடைபெறுகின்றது. ஹியோகோ மாகாணத்து ஹரிமா, உள்நாட்டுக் கடலிலுள்ள ஷோதோ தீவு, நாகசாகி மாகாணத்து ஷிமபாரா என்பனவும் இத்தொழிலிற் பேர்பெற்றவை. ஷோதோ தீவினர் இழைக்குப் பூசுவது நல்லெண்ணெய்.

சோமெனுக்கு ஒரு திருநாளும் உண்டு. யூலை 7ஆந் திகதி கொண்டாடப்படும் தனபாதா விழாவில், வானத்து நெசவுப்பெண்ணும் மாடு மேய்க்கும் இளைஞனும் பால்வீதி என்னும் ஆற்றைக் கடந்து ஆண்டுக்கொருமுறை சந்திக்கின்றனர் என்பது ஐதிகம். வானியலார் வேகா, அல்தாயிர் என்று வழங்கும் விண்மீன்களே அவ்விருவரும். நெசவு நூலையும் வான் ஆற்றையும் ஒருங்கே நினைவூட்டும் வெண்ணிற இழையை அன்று உண்பார்கள். பிளந்த மூங்கிற் குழாயில் ஓடும் நீரிலே சோமெனை மிதக்கவிட்டு, கடந்து செல்லும்போது குச்சிகளால் எட்டிப் பிடித்துண்ணும் வேடிக்கையும் உண்டு. மியசாக்கி மாகாணத்துத் தகச்சிஹோ பள்ளத்தாக்கில் 1955ஆம் ஆண்டிலே இவ்வேடிக்கை ஓர் உணவுச்சாலை வழக்கமாகத் தொடங்கியது என்பர். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. மேலே நின்று இடைவிடாது வேகவைத்து விடுபவருக்கு அது வேலை.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். சாற்றை முதலில் ஆக்கவேண்டும். அது குளிர்வதற்கு நேரம் பிடிக்கும். சோமெனைத் தோய்த்துண்ணும் இச்சாற்றுக்குத் 'த்சுயு' என்று பெயர். அதன் அடிப்படை 'தாஷி' எனப்படும் தெளிந்த சாறு. ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் அளவு கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியை அரைமணி நேரம் ஊறவைத்து, இளஞ்சூட்டில் மெல்லக் காய்ச்சி, கொதிக்குமுன் பாசியை எடுத்துவிடுவார்கள். கொதித்தாற் சாறு கொழகொழப்பாகும். அதன்பின் கட்சுஓபுஷி என்னும் மீன்சீவலை ஒரு கைப்பிடி இட்டு, ஓரிரு நிமிடங்களில் வடித்தெடுப்பார்கள்.

இச்சாற்றின் சுவைக்குக் காரணம் யாது என்று முதன்முதல் ஆராய்ந்தவர் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் கிகுனாயே இக்கேதா. கொம்புப் பாசியிலுள்ள குளூற்றமிக் அமிலத்தை 1908ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று அவர் பெயரிட்டார். 1913ஆம் ஆண்டிலே ஷின்தாரோ கொதாமா மீன்சீவலில் இனோசினிக் அமிலத்தைக் கண்டார். 1957ஆம் ஆண்டில் அக்கிரா குனினாக்கா, உலர்ந்த ஷித்தாக்கே காளானிலுள்ள குவானிலிக் அமிலத்தின் சுவையையும், இவை ஒன்றோடொன்று சேரும்போது சுவை பன்மடங்காகும் உண்மையையும் வெளிப்படுத்தினார். பாசியையும் மீனையும் ஒருங்கே இட்ட பழைய சமையற்காரரின் கைப்பக்குவத்துக்கு ஆய்வுகூடம் பிற்காலத்திலே காரணம் கூறியது.

கட்சுஓபுஷி என்பது நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. சூரை இனத்து மீனை அவித்து, முள்நீக்கி, பலமுறை புகையூட்டி, மரக்கட்டைபோல உலர்த்துவதே அது. சிறந்த வகைக்குப் பூஞ்சை ஏற்றி வெயிலிற் காயவைத்தலும் உண்டு. நம் நாட்டுச் சமையலில் இடித்துச் சேர்க்கும் மாசியும், மாலைதீவிலே அதே மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்து ஆக்கப்படுவதே. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் வாழ்ந்த யாத்திரிகர் இப்னு பதூதா இம்முறையைக் குறித்துவைத்திருக்கிறார். யப்பானியர் மரவேலைக்காரரின் சீவுளி போன்ற கருவியால் மெல்லச் சீவுகின்றனர். நாம் உரலில் இடிக்கின்றோம்.

சைவ உணவினர் மீனைக் கருதித் தயங்க வேண்டுவதில்லை. யப்பானிய பௌத்த மடங்களின் சமையலில் மீனுக்கு இடமில்லை. கொம்புப் பாசியும் ஷித்தாக்கே காளானுமே அங்கு சாற்றுக்கு அடிப்படை. நால்வருக்கு 600 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு துண்டுக் கொம்பையும் நான்கு உலர்ந்த காளான்களையும் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து, காலையில் வடித்தெடுத்தாற் போதிய தாஷி கிடைக்கும். ஊறிய காளானை வீசிவிடாது, சோயா சோஸும் சீனியும் இட்டு வேகவைத்து, மெல்லியதாக அரிந்து தொட்டுக்கொள்ளலாம்.

த்சுயுவுக்கு அளவு இலகுவானது: தாஷி நான்கு பங்கு, சோயா சோஸ் ஒரு பங்கு, மிரின் ஒரு பங்கு. நால்வருக்கு முறையே 400, 100, 100 மில்லிலீற்றர். மிரின் என்பது அரிசியிலிருந்து ஆக்கப்படும் இனிய மதுவகை. ஆகவே அதனை முதலிற் கொதிக்கவிட்டு, மதுவின் நெடி போனபின் ஏனையவற்றைச் சேர்த்து, ஒருமுறை கொதி வந்ததும் இறக்கவேண்டும். மிரினை விரும்பாதோர் அதற்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி சீனியைக் கரைத்துவிடலாம். ஆறியபின் குளிரவைக்கவும். வெயில் தாழ்ந்த முதல்நாள் மாலையிலேயே இதனைச் செய்துவைத்தல் புத்தி.

இப்போது இழை. ஒருவருக்கு 50 கிராம் கட்டுகள் இரண்டு, நால்வருக்கு எட்டு. 100 கிராமுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். ஆகவே நான்கு லீற்றருக்கு மேலான தண்ணீர் பெரிய பானையிலே தளதளவென்று கொதிக்கவேண்டும். கட்டவிழ்த்த இழைகளை விசிறிபோலப் பரப்பி இட்டு, ஒட்டாதபடி நீண்ட குச்சியாற் கிளறவேண்டும். உப்பு இடவேண்டா, இழையிலே ஏற்கெனவே உப்பு மிகுதி. நுரை பொங்கினால் நெருப்பைச் சற்றுத் தணிக்கலாம். ஒன்றரை முதல் இரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் பானையைவிட்டு அகலமுடியாது. ஆவி முகத்தில் அடிக்கும். ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்த்தே பதம் அறியவேண்டும்.

வெந்ததும் கனத்த பானையைத் தூக்கி, அரிதட்டிலே வடித்து, உடனே குழாய்த் தண்ணீரிற் காட்டவேண்டும். சூடு தணிந்தபின் இரு கைகளாலும் துணி கசக்குவதுபோல இழைகளை உரசிக் கழுவவேண்டும். இதுவே சோமென் சமையலின் உயிர்நிலை. இழைமீதுள்ள மாப்பசையும், இழுத்தபோது பூசிய எண்ணெயும், மிகுதியான உப்பும் இக்கழுவலினாலேயே நீங்குகின்றன. கழுவாத சோமென் கட்டியாக ஒட்டும்; எண்ணெய் நெடி வீசும். தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கழுவி, கடைசியிற் பனிக்கட்டி நீரிலே சற்று நேரம் அமிழ்த்தி எடுத்து, நீரை நன்றாக வடியவிடவேண்டும். நெடுநேரம் நீரிற் கிடந்தால் இழை ஊதிச் சுவைகெடும். ஒரு வாய்க்கு அளவான இழையை விரலிற் சுற்றிச் சிறு சிறு சுருள்களாகத் தட்டில் அடுக்கினால் எடுக்க இலகு, பார்வைக்கும் அழகு.

அருகே சிறு கிண்ணங்களிற் குளிர்ந்த த்சுயு. தொட்டுக்கொள்ளத் துருவிய இஞ்சி, மெல்ல அரிந்த வெங்காயத்தாள், வறுத்த எள். யப்பானியர் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஷிசோ இலையையும், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த மியோகா மொட்டையும் சேர்த்துக்கொள்வர். மந்தித்த பசியைத் தூண்டுவன இவையே. ஆனால் இழை மட்டும் உண்டாற் பசி விரைவில் திரும்பும். உடலுக்கு வேண்டிய புரதமும் போதாது. குளிர்ந்த தோஃபு, மெல்லியதாகப் பொரித்து அரிந்த முட்டை, வதக்கிய கத்தரிக்காய் என ஏதேனும் உடன் வரவேண்டும். அவையும் ஒருவர் செய்தே வரவேண்டும்.

இப்பொழுது வழக்குக்குத் திரும்புவோம். அடுப்பிலே இழை நிற்பது இரண்டே நிமிடம் என்பது மெய். அந்த இரண்டு நிமிடத்தைக் கண்டவர்களே சோமெனை எளிய உணவு என்றனர். நான்கு லீற்றர் நீர் கொதிக்கும்வரை அடுக்களையிலே ஏறும் வெம்மையை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. முதல்நாள் ஆக்கிய சாற்றையும், பானையைத் தூக்கி வடித்த கைகளையும், கழுவலையும் சுருட்டலையும் அரிதலையும் எடுக்கவில்லை. உண்டு முடிந்தபின் கிடக்கும் பானையையும் அரிதட்டையும் எண்ணற்ற சிறு கிண்ணங்களையும் எடுக்கவில்லை. சமைத்தவர் தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து அமரும்போது, மேசையிலே பனிக்கட்டி உருகி, இழை ஊதிப்போயிருக்கும். வீட்டார் அனைவரையும் குளிர்வித்த உணவு அவர் ஒருவரைக் குளிர்விப்பதில்லை.

இது யப்பானியரின் வழக்கு மட்டுமன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். "ஏதாவது இலேசாகச் செய்" என்ற சொல் நம் வீடுகளிலும் ஒலிக்கின்றது. இலேசு என்பது உண்பவரின் வயிற்றுக்கேயன்றி, ஆக்குபவரின் கைக்கன்று.

நிவாரணம் அரிதானதன்று. சோமென் பலர் கூடிச் செய்வதற்கு ஏற்ற உணவு. பானையின் பாரத்தைத் தூக்குவது வீட்டிலுள்ள வலியவரின் வேலையாகட்டும். வடித்த இழையைக் குளிர்நீரிற் கசக்கிக் கழுவுவது, கோடையிலே பிள்ளைகள் போட்டியிட்டுச் செய்யும் வேலை. இஞ்சி துருவுவதற்கும் எள் வறுப்பதற்கும் பெரும் பயிற்சி வேண்டியதில்லை. கிண்ணங்களை உண்டவரே கழுவலாம். அடுப்பருகே நின்றவர் மேசையில் அமரும்வரை மற்றவர்கள் குச்சியைத் தொடாதிருப்பது யாவற்றிலும் நல்லது. அவருக்கும் இழை குளிர்ந்திருக்கும்போதே கிடைக்கும்.

குளிர்காலத்து உழவர் விரல் விறைக்க இழுத்த நூலை, கோடையிலே ஒருவர் முகம் வியர்க்க வேகவைத்து நம்முன் வைக்கின்றார். அதனைப் பெறுபவர் திருப்பிக் கொடுக்கவேண்டியது மிகச் சிறிது. யப்பானிய மொழியில் அது ஓரெழுத்து மாற்றம். தமிழில் "போதும்" என்பதை விடுத்து, "அதுதான் வேண்டும், நானும் வந்து கழுவித் தருகிறேன்" என்று சொல்லவேண்டும். சொல் சற்று நீளந்தான். ஆயினும் அடுக்களையின் வெப்பம் அதனாற் சில பாகை குறையும்.